அந்தத் தாளைப் படிச்சுக் காட்டு!

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மார்கழி அது. கல்வராயன் மலையிலிருந்து கரியாலூர் சாலை சமவெளிக்கு இறங்கும் இடத்தில் ஒரு போலீஸ் சோதனைச் சாவடி. நான் அங்கே இரண்டாம் நிலைக் காவலர். சாவடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரிகார்டு, ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, நான்கு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வம்சத்திலேயே காக்கி போட்ட முதல் ஆள் நான்தான் என்பதால் தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மலையில் கள்ளச்சாராய வேட்டை மும்முரமாக நடந்த நேரம். அதோடு கஞ்சாவும் இறங்குகிறது என்று அவ்வப்போது தகவல் வரும். ஆண்களை ஆண் காவலர்கள் தேடுவார்கள். பெண்ணைப் பெண் காவலர்தான் தேட வேண்டும், அதுவும் கண்ணியம் கெடாமல் தேட வேண்டும் என்பது சட்டம். எங்கள் சாவடியில் பெண் நான் ஒருத்திதான். மலையிலிருந்து இறங்கும் பெண்களில் யார்மேல் சந்தேகம் வந்தாலும் என் கைக்குத்தான் வருவார்கள்.

ஒருமுறை ஒரு பெண் சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். பெரிய அதிகாரி கை கொடுத்துப் பாராட்டினார். அன்று முதல் "கை ராசிக்காரி" என்று சாவடியில் பேர் வந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஜிவ்வென்று ஏறும். அடுத்த பஸ்ஸுக்கு நானே பேரிகார்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். கண்ணியம் கெடாமல் என்ற சொல் பயிற்சிப் பள்ளி நோட்டில் பத்திரமாக இருந்தது, கையில் வேகம் மட்டும்தான் இருந்தது.

அன்று காலை ஏழரை மணி இருக்கும். பனி விலகவில்லை. எஸ்.ஐ. ஐயாவுக்குப் போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. போனை வைத்ததும் நேரத்தையும் தகவலையும் நோட்டில் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எட்டு மணி பஸ்ஸுல ஒரு பொம்பள வருதாம்மா. பச்சப் பொடவ. வயித்துல கட்டிக்கினு வருதாம். கஞ்சா. இன்னிக்கு மட்டும் இது சிக்கிச்சுன்னா உன் பேரு மாவட்டம் பூரா பேசும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கஞ்சா வழக்கு என்றால் சாராய வழக்கு மாதிரி இல்லை. மாட்டினவருக்கு ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பு, வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். ஏட்டையா எடை மிஷினைத் துடைத்து மேசையில் வைத்தார். அரக்கு, முத்திரை, துணிப்பை, நூல் எல்லாம் வரிசையாக வந்தன. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு அடுக்குவதுபோல அடுக்கினோம்.

பஸ் வந்தது. ஏறிப் பார்த்தேன். நான்காவது சீட்டில் ஜன்னலோரம் பச்சைப் புடவை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த முகம், மெலிந்த கை. வயிறு மட்டும் ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. தகவல் அப்படியே அச்சு!

"எறங்கும்மா" என்றேன். அவர் எழுந்தார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து மெதுவாக இறங்கினார். பின்னாலேயே பஸ்ஸும் பாதி காலியாகிவிட்டது. வேடிக்கை பார்க்கத்தான்!

சேலைக்கு மேலேயே தெரிந்தது, உள்ளே ஏதோ சுற்றிக் கட்டியிருக்கிறது. நான் கையை நீட்டிவிட்டேன். எஸ்.ஐ. ஐயா, "ஏய், இரு இரு. தாளு" என்றார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதைப்பொருள் சந்தேகத்தில் ஒருவரின் உடம்பைத் தேடும் முன், 'மாஜிஸ்ட்ரேட் அல்லது கெசடட் அதிகாரி முன்னிலையில் தேடுமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் தேடினால் கோர்ட்டில் வழக்கு நிற்காது. அதற்காக ஒரு அச்சடித்த தாள் வைத்திருப்போம். மேலே உரிமை, கீழேயே 'தேவையில்லை, நீங்களே சோதனை செய்யலாம்' என்ற வாசகம், அதற்கும் கீழே கையெழுத்து போட ஒரு கோடு. நான் இருந்தபோது ஏழெட்டுப் பேருக்கு அதை நீட்டியிருக்கிறோம். கோட்டில் விரல் வைத்துக் காட்டுவோம், கையெழுத்தோ கைநாட்டோ விழும், வேலை முடியும். அதில் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"இதுல ஒரு கைநாட்டு வைம்மா" என்று மைப்பெட்டியைத் திறந்தேன்.

அந்த அம்மா தாளையும் தொடவில்லை, மைப்பெட்டியையும் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா எய்தியிருக்குது? படிச்சுக் காட்டு."

"ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு..."

"நான் படிக்காதவ. நீ படிச்சவ. படி. நிறுத்தி நிதானமா படி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கடகடவென்று ஒப்பித்தேன். பாதியில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து படிக்கச் சொன்னார். இரண்டாவது முறை வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கெசடட் அதிகாரி என்றால் யார் என்று கேட்டார். தாசில்தார் மாதிரி பச்சை மையில் கையெழுத்துப் போடும் பெரிய அதிகாரி என்று ஏட்டையா விளக்கினார்.

"அவரு முன்னாடி தேடச் சொல்லிக் கேக்கலாம். எனக்கு உரிமை இருக்குது. அப்டித்தான் எய்தியிருக்குது?"

"ஆமா."

"அப்ப எனக்கு அதான் வேணும். அவருகிட்ட கூட்டிக்கினு போ."

எஸ்.ஐ. ஐயா என்னைப் பார்த்தார். நான் ஏட்டையாவைப் பார்த்தேன். ஏட்டையா எடை மிஷினைப் பார்த்தார். இப்படி ஒருவர் கேட்டால் அடுத்து என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் பழக்கமே இல்லை!

எஸ்.ஐ. ஐயா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா. அஞ்சு நிமிசத்துல இங்கியே முடிஞ்சிடும். பஸ்ஸ புடிச்சிக்கினு நீ பாட்டுக்குப் போயிடலாம்."

"சும்மான்னா ஏங்க எய்தி வெச்சிருக்கிங்க?"

"எங்க டி.எஸ்.பி. கூட கெசடட் ஆபீசர்தான். அவர வரச் சொல்லட்டா?"

"அவரும் போலீசுதானுங்க? வேற ஆளு வேணும்."

"அப்டிப் போடு!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல். கண்டக்டர் விசிலை ஊதி எல்லோரையும் ஏற்றினார். பஸ் போகும்போது ஜன்னல் முழுக்கத் தலைகள் எங்கள் பக்கமே திரும்பியிருந்தன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குற்றம் இல்லாதவர் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பாரா? கொட்டகைக்குள் போய் எஸ்.ஐ. ஐயாவிடம், "ஐயா, ஒரு நிமிசம் வுடுங்க. நான் தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கேட்டுட்டாம்மா. கேட்டதுக்கப்புறம் தொட்டா கேஸு செத்துச்சு. வண்டிய எடு." அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டிருக்கலாம்.

அருகில் இருக்கும் தாசில்தாரிடம் போவதென்று முடிவாயிற்று. சின்னசேலம் சாலையில் ஒரு மணி நேரப் பயணம். இதைக் கேட்டதும் அந்த அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சின்னசேலம் ரோடா? நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு இன்னும் சந்தேகம். கூட்டாளி யாராவது அங்கே காத்திருக்கிறானோ?

ஏட்டையா ஜீப் ஓட்ட, எஸ்.ஐ. ஐயா முன்னால். பின் சீட்டில் அந்த அம்மாவும் நானும். எதையும் வெளியே வீசிவிடக் கூடாதென்று அவர் கையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அவரோ என்னைக் கவனிக்கவே இல்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், காற்று படக் கூடாதாம். வாசனை வெளியே போகாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். வேகத்தடை வந்தால் வயிற்றை அணைத்துக்கொண்டு, "மோட்டுல பாத்து ஏத்துப்பா" என்பார். கஞ்சாவுக்கு அடிபட்டால் என்ன ஆகும், அப்படியானால் சாராய பாக்கெட்டாக இருக்குமோ என்று என் மூளை ஓடியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் நாங்களும் ஊர்ந்தோம். ஒவ்வொரு நிமிடமும் எனக்கு ஒரு யுகம்.

டிராக்டர் ஒன்று முன்னால் நின்றுவிட்ட இடத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மடியில கனமில்லன்னா அங்கியே காட்டியிருக்கலாமே?" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"உனக்கு என்னைத் தெரியல இல்ல?"

"இல்லியே."

"ஐப்பசியில நீதான் என்னைத் தேடின. அதே எடத்துல."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை. ஐப்பசியில் எத்தனையோ பேரைத் தேடியிருக்கிறேன்.

"கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணிக்கினு கள்ளக்குறிச்சி ஆசுபத்திரியிலருந்து திரும்பிக்கினு இருந்தேன். வயித்துல பட்டை போட்டுக் கட்டி வுட்டிருந்தாங்க. மேல போற பஸ்ஸையும் நிறுத்தினிங்க அன்னிக்கு. ஆசுபத்திரி சீட்டு இருக்குது, பாருன்னு நீட்டினேன். நீ வாங்கிப் பாக்கல. அதனாலதான் இன்னிக்கு உன் சீட்ட நீயே படின்னு சொன்னேன்."

அவர் சத்தம் போடவில்லை. டீக்கடையில் பேசுவதுபோல சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பஸ்ஸுக்குப் பின்னாடி நிக்க வெச்சு அவுத்த. மழ தூறிக்கினு இருந்துச்சு. பின் கண்ணாடி வழியா உள்ள இருக்கிறவங்கல்லாம் பாத்தாங்க. எங்க ஊரு ஆளுங்களும் அதுல இருந்தாங்க. ஒண்ணும் இல்லன்னதும், சரி போன்னு சொல்லிட்டு நீ அடுத்த ஆளப் பாக்கப் போயிட்ட. எனக்கு அந்தப் பட்டைய எப்டிக் கட்றதுன்னு தெரியல. கையால புடிச்சிக்கினே வூடு போய்ச் சேந்தேன். அந்த மாசம் முழுக்க நான் தண்ணிக்கிக் கூட வெளிய வரல."

முன் சீட்டில் எஸ்.ஐ. ஐயாவின் கழுத்து அசையாமல் இருந்தது. ஏட்டையா ஹாரனை அழுத்தினார். அந்த அம்மா சொன்னதில் எனக்கு ஒரு எழுத்தும் நினைவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ஆனால் அப்போதும் மனதின் ஒரு மூலை, 'பேச்சில் மயங்காதே, வயிற்றில் என்னவோ இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. போலீஸ் புத்தி லேசில் போகுமா?

தாலுகா அலுவலகத்தில் பட்டா மனுக்களோடு கூட்டம் நின்றது. தாசில்தார் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், மூக்குக் கண்ணாடி. எஸ்.ஐ. ஐயா சொன்னதைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "என் சர்வீஸ்ல இதுக்குன்னு யாரும் என்கிட்ட வந்ததே இல்லியே!" என்றார். அவர் குரலிலும் ஒரு பரபரப்பு. போனில் யாரிடமோ சட்டப்பிரிவைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் முதலில் கேட்டது எஸ்.ஐ. ஐயாவைத்தான். "இந்தம்மாவ ஏன் தேடணும்? காரணம் சரியில்லன்னா நான் இப்பவே அனுப்பிச்சிடணும். அப்டித்தான் சட்டத்துல இருக்கு." எஸ்.ஐ. ஐயா நோட்டைக் காட்டினார். போன் வந்த நேரம், புடவை நிறம், வயிற்றில் கட்டியிருப்பது எல்லாம் அதில் இருந்தது. தாசில்தார் இரண்டு முறை படித்தார். அந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். அவர் இப்போது 'போகலாம்' என்று சொன்னால் பெரிய வழக்கு கைநழுவிவிடும். 'தேடு' என்றால், உள்ளே கஞ்சா இருந்தால் இந்த அம்மாவின் வாழ்க்கை முடிந்தது. இல்லாவிட்டால் நான் இரண்டாவது முறையாக இதே பெண்ணை... அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது. வேலைக்கு வந்து முதல்முறையாக, எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"தேடலாம்" என்றார் தாசில்தார். "ஆனா நான் சொல்றபடி."

ஆண்கள் எல்லோரும் வெளியே. கதவைச் சாத்தியாயிற்று. ஜன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டச் சொன்னார். அலுவலக உதவியாளராக இருந்த ஒரு பெண்மணியைச் சாட்சியாக உள்ளே நிறுத்தினார். தேடுதல் தாசில்தார் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பதால் அவரும் இருந்தாக வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? சுவரில் தாலுகா வரைபடம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் இருக்கேன்மா. ஆனா திரும்ப மாட்டேன். சத்தமா சொல்லிக்கிட்டே தேடுங்க, நான் மனசுல குறிச்சிக்கிறேன்."

அந்த அம்மா அந்த முதுகைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "மெதுவா அவு. அவசரப்படாத" என்றார்.

"அக்கா, தொடட்டுமா?" என்று கேட்டேன். அதுவரை நான் தேடிய யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவர் தலையசைத்தார்.

முந்தானையை விலக்கினேன். உள்ளே பழைய வேட்டியை நான்கு சுற்று சுற்றி முடிந்திருந்தார். முடிச்சை அவிழ்த்தேன். ஒவ்வொரு சுற்றாக எடுக்க எடுக்க உள்ளிருந்து கதகதப்பு வந்தது. கடைசிச் சுற்றில் இலவம்பஞ்சு. பஞ்சை விலக்கினேன்.

முட்டைகள்.

கோழி முட்டைகள்! பழுப்பும் வெள்ளையுமாக, பஞ்சில் புதைந்து, அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு. அப்போது பார்த்து அதில் ஒன்றிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஓட்டில் சோளம் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே மூக்கு நுனி அசைந்தது!

"இன்னாம்மா சத்தம்?" தாசில்தார் வரைபடத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஐயா... கோழிங்க ஐயா."

"கோழியா?"

"முட்டைங்க ஐயா. பொரியுதுங்க ஐயா!"

அவர் முதுகு குலுங்கியது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், திரும்பவே இல்லை. உதவியாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கதவுக்கு வெளியிலிருந்து எஸ்.ஐ. ஐயாவின் ஆர்வமான குரல்: "எத்தன கிலோ?"

"பதினொரு முட்டைங்க ஐயா!" என்று கத்தினேன். அப்புறம் எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த அக்கா மலையில் நாட்டுக்கோழி வளர்த்து விற்றுப் பிழைப்பவர். முந்தைய நாள் காட்டுப்பூனை அடைக்கோழியைத் தூக்கிப் போய்விட்டது. பொரிய இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் பாக்கி. மார்கழிக் குளிரில் விட்டால் எல்லாம் வீண். சின்னசேலம் சாலையில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் கொண்டு சேர்க்கிறவரை தன் உடம்புச் சூட்டையே கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மலையில் அவசரத்துக்கு இப்படிச் செய்வது உண்டாம். அவர் கட்டிக்கொண்டதை யாரோ அரைகுறையாகப் பார்த்துப் போன் போட்டிருக்கிறார்கள்.

"முட்டைன்னு அங்கியே சொல்லியிருக்கலாமேக்கா?" என்றேன்.

"சொன்னா, காட்டுன்னு சொல்லுவிங்க. ரோட்டுல காட்டணும். போன தபா நெசத்தத்தான் சொன்னேன். கேட்டியா?"

பஞ்சை முன்போலவே சுற்றி வைத்தேன். ஓட்டை விழுந்த முட்டையை மேலாக, மூச்சு முட்டாதபடி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். வேட்டியை எடுத்து ஒவ்வொரு சுற்றாக நானே சுற்றினேன். அப்போதுதான் அவர் அடிவயிற்றில் அந்த ஆபரேசன் தழும்பைப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது அது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அது இருக்கட்டும். பஞ்சு நழுவாம இறுக்கிக் கட்டு" என்றார். முடிச்சுப் போட்டு முடித்ததும் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "எவ மேல வேணா கை வைய்யி, உன் வேல அது. வெக்கறதுக்கு முன்ன அவ மூஞ்சியப் பாரு. அன்னிக்கு நீ என் வயித்தத் தவிர எதையும் பாக்கல."

தாசில்தார், தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, முட்டைகள் பத்திரமாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டன என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த அக்காவைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க கேட்டதுனாலதாம்மா நானே இந்தச் சட்டத்தத் தெரிஞ்சிக்கிட்டேன்" என்றார். அக்கா கூச்சப்பட்டுக்கொண்டே, "எனக்கு இன்னா சட்டம் தெரியும்ங்க? இந்தப் பொண்ணு படிச்சிச்சு. இருக்குதுன்னு எய்தியிருந்துச்சு. இருக்கறதக் குடுங்கன்னு கேட்டேன்" என்றார்.

எஸ்.ஐ. ஐயா நோட்டை மூடினார். பிறகு ஏட்டையாவிடம், "அந்தம்மாவ அவங்க தங்கச்சி வூட்டுல வுட்டுட்டுப் போலாம். வேகத்தடையில பாத்து" என்றார். போலீஸ் ஜீப் வாசலில் நிற்கவும் தங்கை பதறிக்கொண்டு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். மாட்டுக்கொட்டகை மூலையில், கூடையில் ஒரு சிவப்புக் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் தள்ளினார். கோழி முதலில் கொத்த வந்தது. அப்புறம் கொக்கரித்து, உடம்பைப் பரப்பி, எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் மூன்று போலீஸ்காரர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றில் ஒன்றுகூட உடையவில்லை! அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அந்த டியூப் சாராயத்தைப் பிடித்த நாளில்கூட இருந்ததில்லை.

மறுவாரம் கொட்டகைக்குள் ஒரு மூலையைத் தகரத்தால் மறைத்து, கதவு வைத்துக் கொடுத்தார் எஸ்.ஐ. ஐயா. செலவை யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளை இப்போது நான் நீட்டுவதில்லை. முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன், கேட்பவருக்குப் புரிந்ததா என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு இருமுறை வேறு ஆட்கள் அதிகாரி வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவரிடம் கஞ்சா இருந்தது, வழக்கும் நின்றது. இன்னொருவரிடம் ஒன்றுமே இல்லை. இரண்டு முறையும் ஜீப்பில் போகும்போது எனக்குக் கோபம் வரவில்லை.

சாவடி மாறிவிட்டேன், ஊரும் மாறிவிட்டேன். பஸ் வந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் மாறவில்லை. ஏறியதும் முதலில் முகங்களைத்தான் பார்க்கிறேன். நான் தேடிவிட்டு மறந்துபோன பெண்கள் அந்த மலையில் இன்னும் எத்தனை பேரோ தெரியாது. ஆனால் அவர்களில் ஒருத்திகூட என்னை மறந்திருக்க மாட்டாள்.